சொப்பினின் மசூர்க்கா: நாட்டார் ஆடலும் தேசிய உணர்வும்

நாட்டார் கலை வடிவமொன்று கற்றோர் கலையினுள் புகும்போது அதற்கு யாது நிகழ்கின்றது என்னும் வினா கலை வரலாற்றிலே மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஒரு சாரார் இதனை அவ்வடிவம் பெறும் உயர்ச்சியாகக் கொள்வர். மற்றொரு சாரார், உழைக்கும் மக்களின் உடைமை அவர்தம் கையிலிருந்து பறிக்கப்படுவதாகக் காண்பர். இவ்விரு நிலைப்பாடுகளையும் பொதுப்படப் பேசிக்கொண்டிருப்பதிலும் பார்க்க, குறித்தவொரு படைப்பினை எடுத்து, அது தோன்றிய சமூகப் பின்னணியிலும் அதன் உருவ அமைதியிலும் வைத்து ஆராய்தல் பயனுடையதாகும். அத்தகைய ஆய்வுக்குப் பிரடெரிக் சொப்பினின் மசூர்க்காக்கள் பெரிதும் இடமளிக்கின்றன.

சொப்பின் (1810 - 1849) ஐரோப்பிய மனோரதிய இசையின் முதன்மைக் கலைஞருள் ஒருவர். அவரது ஆக்கங்கள் ஏறத்தாழ முழுவதும் பியானோவை மையமாகக் கொண்டவை. அவற்றுள் தொகையால் மிகுந்தவை மசூர்க்காக்களே. 1832 இல் வெளிவந்த ஓபஸ் 6, ஓபஸ் 7 ஆகிய தொகுதிகள் தொடக்கம் 1847 இல் வெளிவந்த ஓபஸ் 63 வரை, 41 மசூர்க்காக்கள் ஓபஸ் எண்களுடன் அவரது வாழ்நாளிலேயே அச்சாயின. மேலும் எட்டினை, அவர் மறைந்தபின் நண்பர் யூலியன் பொன்டானா 1855 இல் ஓபஸ் 67, ஓபஸ் 68 எனத் தொகுத்து வெளியிட்டார். இளமை தொட்டு இறுதிவரை அவர் இடையறாது மீண்டு வந்த வடிவம் இதுவேயாதலின், ஒரு கலைஞனுக்கும் நாட்டார் மரபிற்குமிடையிலான உறவினை இதனூடாகத் தெளிவாகக் காண முடிகின்றது. 1834 இல் வெளியான ஓபஸ் 17 இன் நான்காவது மசூர்க்கா, அதாவது ஏ மைனரில் அமைந்த மசூர்க்கா, இங்கு சிறப்பாக நோக்கப்படுகின்றது.

1

மசூர்க்கா என்னும் பெயர் போலந்தின் மசோவியப் பிரதேசத்தின் பெயரோடு தொடர்புடையது. எனினும் அப்பெயரின் கீழ் ஒரே ஆடலன்றி ஓர் ஆடற் குடும்பமே அடங்குகின்றது. மசூர், கூயாவியாக், ஓபெரெக் என்னும் மூன்றும் அக்குடும்பத்தின் முக்கிய உறுப்பினர். கூயாவியாக் மெதுவானது, ஓபெரெக் விரைந்து சுழல்வது, மசூர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடையினது. மூன்றும் மும்மை எண்ணிக்கையில் அமைந்தவை. ஆயினும் வால்ஸ் ஆடலிற் போல முதலாம் எண்ணிக்கையில் அழுத்தம் உறுதியாக விழுவதில்லை. இரண்டாம் எண்ணிக்கைக்கோ மூன்றாம் எண்ணிக்கைக்கோ அது பெயர்ந்து செல்லும். எங்கே விழும் என்பதை ஆடுவோர் உடலால் அறிவர். எழுத்திலே குறிக்கப்படும் மூன்று சம அளவுகளும் ஆடற்களத்தில் சமமாக இருப்பதில்லை.

கிராமத்து இசைக்குழு மிகச் சிறியது. வயலின் மெட்டினை எடுத்துச் செல்ல, அடித்தந்தி வாத்தியமொன்றோ தோற்பைக் குழலோ கீழே ஒரு சுரத்தை இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புராவின் சுருதியோடு பழகிய செவிக்கு இது அந்நியமானதன்று. மெட்டுக்கள் குறுகியவை, சிறு சொற்றொடர் போன்ற ஒரு துணுக்கு ஓயாது திரும்பத் திரும்ப வரும். சில மெட்டுக்களில் நான்காம் சுரம் அரைப்படி உயர்ந்து நிற்கும். ஐரோப்பிய இசையிலக்கணம் இதனை லிடிய முறை என்கின்றது. கர்நாடக இசையிற் பிரதி மத்திமம் வகிக்கும் தானத்தை இதற்கு ஒப்பிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாடல் கிராமத்தினுள் மாத்திரம் அடைபட்டிருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பிரபுக்களின் மாளிகைகளிலும், வார்சோ நகரின் நடன மண்டபங்களிலும், நாடக மேடையிலும் அது இடம்பெற்றிருந்தது. 1794 இல் மேடையேறிய, வொய்ச்செக் பொகுஸ்லாவ்ஸ்கி எழுதி யான் ஸ்தெபானி இசையமைத்த இசைநாடகம் கிராமிய மாந்தரையும் அவர்தம் ஆடல்களையும் நகரத்தார் முன் நிறுத்தியது. சொப்பினுக்கு முன்னரே மரியா சிமனொவ்ஸ்கா என்னும் பியானோக் கலைஞர் 24 மசூர்க்காக்களை 1820 களில் வெளியிட்டிருந்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, 1797 இல் இத்தாலியிலிருந்த போலந்துப் படையணிக்காக யோசெப் விபிட்ஸ்கி இயற்றிய பாடலும் மசூர்க்காச் சந்தத்திலேயே அமைந்தது. பிற்காலத்தில் அதுவே போலந்தின் தேசிய கீதமாயிற்று. ஆகவே சொப்பின் மசூர்க்காவைக் கையிலெடுத்தபோது, அது ஏற்கெனவே கிராமத்தின் ஆடலாகவும், மாளிகையின் பொழுதுபோக்காகவும், இழந்த நாட்டின் அடையாளமாகவும் மும்முகம் கொண்டிருந்தது.

2

இழந்த நாடு என்பது வெறும் அலங்காரத் தொடரன்று. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரசியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் போலந்தைப் படிப்படியாகப் பங்கிட்டுக்கொண்டன. மூன்றாம் பங்கீட்டின் பின் ஐரோப்பிய வரைபடத்தில் போலந்து என்னும் அரசு இல்லாதொழிந்தது. 1815 இன் பின் வார்சோவைத் தலைநகராகக் கொண்டு அமைக்கப்பட்ட போலந்து இராச்சியமும் ரஷ்ய சக்கரவர்த்தியின் முடியின் கீழேயே இருந்தது. அரசும் எல்லையும் படையும் அற்றுப்போன மக்களுக்கு மொழி, சமயம், பாட்டு, ஆடல் ஆகியனவே நாட்டின் இடத்தை நிரப்பவேண்டியனவாயின. ஆடல் ஒன்றின் தலைமீது இத்துணைப் பெரும் பாரம் ஏற்றப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

சொப்பின் பிறந்த இடம் ஜெலாசோவா வோலா என்னும் கிராமம். ஆயினும் அவர் கிராமத்துப் பிள்ளையாக வளர்ந்தவரல்லர். பிரான்சிலிருந்து வந்த அவரது தந்தை அங்கு ஸ்கார்பெக் என்னும் பிரபு குடும்பத்தில் ஆசிரியராயிருந்தார். பிறந்த ஆண்டிலேயே குடும்பம் வார்சோவுக்குக் குடிபெயர்ந்தது. கிராமத்து இசையோடு அவருக்கு ஏற்பட்ட நேரடித் தொடர்புகளுள் முக்கியமானவை 1824, 1825 ஆகிய ஆண்டுகளின் கோடை விடுமுறைகளிலே வாய்த்தன. நண்பனொருவனின் குடும்பத்தினரது பண்ணையில், சபார்னியா என்னும் ஊரில், அவர் அவ்விடுமுறைகளைக் கழித்தார். அங்கிருந்து செய்தித்தாள் ஒன்றைப் போல வேடிக்கையாக எழுதி வீட்டுக்கு அனுப்பிய மடல்களில், தாம் கேட்ட கிராமத்துப் பாட்டுக்களையும் குறிப்பிட்டுள்ளார். பண்ணை வீட்டின் விருந்தினனாக, வேலிக்கு இப்பால் நின்று கேட்ட இசை அது. இவ்வுண்மையை மறைத்துவிட்டு அவரை மண்ணின் மைந்தனாகச் சித்திரிக்கும் வரலாறுகள் அவருக்கு நன்மை செய்வனவல்ல.

1830 நவம்பர் 2 ஆம் நாள் சொப்பின் வார்சோவை விட்டு வெளியேறினார். அம்மாத இறுதியில் ரஷ்ய ஆட்சிக்கெதிரான கிளர்ச்சி வெடித்தது. 1831 செப்டெம்பரில் வார்சோ வீழ்ந்தது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் பாரிசை அடைந்த சொப்பின், அதன்பின் ஒருபோதும் தாயகம் மீளவில்லை. தோல்வியுற்ற கிளர்ச்சியாளர் ஆயிரக்கணக்கில் பிரான்சில் அடைக்கலம் புகுந்தனர். பாரிசில் சொப்பினின் வாழ்க்கை உயர்குடியினரின் வரவேற்பறைகளோடு பிணைந்தது. பாடமொன்றுக்கு 20 பிராங்கு பெற்று அவர் கற்பித்தார். மாணாக்கருட் பெரும்பாலார் செல்வக் குடும்பத்துப் பெண்கள். பொதுமேடைகளில் வாசிப்பதை அவர் விரும்பியவரல்லர். ஓபஸ் 17, பாரிசில் வாழ்ந்த பாடகியும் பாட்டாசிரியையுமான லீனா பிரெப்பா அம்மையாருக்கு உரித்தாக்கப்பட்டது.

3

மேற்கூறிய பின்னணியில் ஏ மைனர் மசூர்க்காவை நோக்குமிடத்து, அதன் உருவம் அப்பின்னணியை விளக்கும் வகை கவனத்தை ஈர்க்கின்றது. நான்கு தாள அளவுகள் கொண்ட ஒரு முன்னுரையுடன் படைப்புத் தொடங்குகின்றது. அடங்கிய குரலில் வாசிக்குமாறு குறிக்கப்பட்ட இப்பகுதியில் மும்மூன்று சுரங்கள் சேர்ந்தொலிக்கின்றன. வெளிச்சுரங்கள் இரண்டும் அசையாதிருக்க, நடுவிலுள்ள சுரம் மாத்திரம் தயங்கித் தயங்கி மேலேறுகின்றது. படைப்பு ஏ மைனரில் அமைந்ததெனினும், அதன் ஆதாரமான ஒத்திசைவு இவ்விடத்தில் ஒலிப்பதில்லை. எந்த நிலத்தில் நிற்கின்றோம் என்பது கேட்பவனுக்கு உணர்த்தப்படவில்லை. ஆடலுக்கு அழைக்கும் இசை எதுவும் இவ்வாறு தொடங்குதல் இயலாது. கால் எடுத்து வைப்பதற்கு முதலில் வேண்டப்படுவது தரையாகும்.

இதன்பின் வரும் முதன்மை மெட்டு மசூர்க்காவின் சந்தத்தை உடையது. அழுத்தங்களின் பெயர்ச்சியும் சிறு துணுக்கின் மீள்வருகையும் அதில் உள்ளன. நடை கூயாவியாக்கின் மெதுவான நடையை ஒத்தது. ஆனால் மெட்டின் கீழே நிகழ்வது கிராமத்து இசைக்கு முற்றிலும் மாறானது. அங்கே அடிச்சுரம் நிலைத்து நிற்கும்; இங்கோ இடக்கையின் ஒத்திசைவுகள் அரைச்சுரம் அரைச்சுரமாகச் சரிந்து இறங்குகின்றன. ஏ மைனரின் நிலை நீண்ட வாக்கியத்தின் இறுதியிலேயே ஐயமற உறுதிப்படுகின்றது. மேலே ஆடலின் உருவம். கீழே நழுவும் நிலம். இம்முரணே இப்படைப்பின் உயிர்நிலை எனலாம்.

மெட்டுத் திரும்ப வருந்தோறும் அதன்மீது புதிய அணிகள் ஏற்றப்படுகின்றன. ஓரிடத்திலே நுண்ணிய சுரங்கள் பல ஒரே வீச்சில் உதிர்கின்றன. இவ்வணிகளின் பிறப்பிடம் போலந்துக் கிராமமன்று. சொப்பின் பெரிதும் விரும்பிய இத்தாலிய இசைநாடகப் பாடகரின் குரலணிகளே பியானோவின் கட்டைகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. பாட்டாசிரியை ஒருவருக்கு உரித்தாக்கப்பட்ட தொகுதியில் இத்தகைய அணிகள் காணப்படுவது பொருத்தமானதே. மசோவியச் சந்தம், இத்தாலியக் குரல், பாரிசுப் பியானோ என்பன ஒரு பக்கத்தில் ஒன்றுசேரும் இவ்விடத்தைத் தூய நாட்டார் மரபு என்று கூறுவது எங்ஙனம்? போலந்தில் இப்படைப்பு 'சிறு யூதன்' என்னும் பெயராலும் வழங்கி வந்துள்ளது. தவறணைகளிலும் திருமணங்களிலும் கிராமத்து ஆடல்களுக்கு யூத இசைவாணர் வாசித்து வந்தமையை நினையும்போது, நாட்டார் மரபு என்பதே ஓரினத்தின் தனிச் சொத்தாக இருந்ததில்லை என்பதும் புலனாகும்.

நடுப்பகுதியில் நிலைமை திடீரென மாறுகின்றது. ஏ மைனர் ஏ மேஜராகின்றது. இடக்கையில், கிராமத்துத் தோற்பைக் குழலை நினைவூட்டும் வகையில், ஆதார சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து நிலைத்து ஒலிக்கின்றன. அதுவரை நழுவிக்கொண்டிருந்த நிலம் இப்போது உறுதிப்படுகின்றது. மெட்டு எளிமையாகின்றது, ஒலி வளர்ந்து உச்சத்தை அடைகின்றது. இப்படைப்பில் ஆடல் உண்மையாகவே ஆடலாக இருப்பது இப்பகுதியில் மாத்திரமே. ஆனால் அவ்வுச்சத்திலிருந்தே இசை உடைந்து, சரிந்திறங்கும் முதன்மை மெட்டிற்குத் திரும்புகின்றது. இறுதிப் பகுதியில் அடிச்சுரம் மீண்டும் நிலைநிறுத்தப்படினும், அதன் மேலுள்ள ஒத்திசைவுகள் அரைச்சுரங்களாய்ச் சரிகின்றன. சுருதி இருக்கின்றது, அதன்மேல் நிற்பதற்கு எதுவுமில்லை. ஈற்றில் முன்னுரையின் நான்கு தாள அளவுகளும் அப்படியே மீண்டு வருகின்றன. மறைந்துபோகுமாறு வாசிக்கவேண்டும் என்னும் குறிப்புடன், ஏ மைனருக்குரிய முடிவை எட்டாமலே இசை நின்றுவிடுகின்றது. தொடக்கம் தொடக்கமாக இல்லாதது போலவே முடிவும் முடிவாக இல்லை.

இதனைப் புலம்பெயர்ந்தவனின் துயரம் என்று ஒரே வரியில் விளக்கிவிடுவோர் பலர். அவ்விளக்கம் முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை, ஆயினும் போதாது. வார்சோவில் வாழ்ந்த காலத்திலேயே, 1827 அளவில், சொப்பின் இயற்றிய ஏ மைனர் மசூர்க்கா ஒன்று (பின்னர் ஓபஸ் 68 இல் சேர்க்கப்பட்டது) அதே துயரச் சாயலைக் கொண்டுள்ளது. துயரத்திற்கு நாடுகடந்த வாழ்வு மாத்திரமே காரணமெனின் இது எவ்வாறு நிகழ்ந்தது? 1830 டிசம்பரில் வியன்னாவிலிருந்து குடும்பத்தினருக்கு எழுதிய மடலிலேயே, தமது மசூர்க்கா ஆடுவதற்கானதன்று என்பதை அவர் தெளிவுபடுத்தியிருந்தார். ஆகவே ஆடலுக்கும் அதனைக் கேட்பவனுக்குமிடையே உள்ள தூரம், நாட்டைப் பிரிந்தமையால் மட்டும் உண்டானதன்று. அது பண்ணை வீட்டின் வேலிக்கு இப்பால் நின்று கேட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது. நாடுகடந்த வாழ்வு அத்தூரத்தை ஆழமாக்கிற்று. இப்படைப்பு அதனை உருவமாக்கிற்று.

4

சொப்பினின் மசூர்க்காக்கள் எவ்வளவு தூரம் உண்மையான நாட்டார் இசையைச் சார்ந்தவை என்பது நெடுநாளைய விவாதமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பலர் அவர் உழவரின் மெட்டுக்களை அப்படியே எடுத்தாண்டார் என்று நம்பினர். ஒலிப்பதிவுக் கருவியுடன் கிராமங்கள்தோறும் சென்று இசை சேகரித்த ஹங்கேரிய இசையாளர் பேலா பார்ட்டோக், சொப்பின் போன்றோரைப் பாதித்தது நகரங்களில் வழங்கிய ஜனரஞ்சகமான இசையே என்ற கருத்துடையவராயிருந்தார். 1999 இல் பார்பரா மிலெவ்ஸ்கி எழுதிய ஆய்வு, சொப்பினின் நேரடி நாட்டார் மூலங்கள் பற்றிய கதைகளை ஒரு கட்டுக்கதையாகக் கண்டு, வார்சோவின் மேடையிலும் வரவேற்பறையிலும் வழங்கிய மசூர்க்கா மரபையே முதன்மைப்படுத்திற்று. மெட்டுக்களை ஒப்பிட்டு மூலம் தேடும் முயற்சி பெரும் பயன் தரவில்லை என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

எனினும் நாட்டார் மரபு என்பது மெட்டு மாத்திரம் அன்று. சொப்பின் வாசித்த முறை பற்றி உடனிருந்தோர் எழுதிய இரு குறிப்புக்கள் இவ்விடத்திற் பெறுமதி வாய்ந்தவை. சொப்பின் மசூர்க்காக்களை வாசிக்கும்போது அவை மூன்றெண்ணிக்கையிலன்றி நான்கெண்ணிக்கையில் ஒலித்ததாகச் சார்ள்ஸ் ஹாலே பதிவு செய்துள்ளார். முதலில் மறுத்த சொப்பின், ஹாலே உரக்க எண்ணிக் காட்டியபின் சிரித்து, இது அவ்வாடலின் தேசிய இயல்பு என்றாராம். மற்றையது அத்துணை இனிமையாக முடியவில்லை. ஓபஸ் 33 இலுள்ள சி மேஜர் மசூர்க்காவை மாணாக்கரான வில்ஹெல்ம் பொன் லென்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, அங்கு வந்த இசைநாடக ஆசிரியர் மையர்பியர் அது இரண்டெண்ணிக்கையிலேயே உள்ளதெனச் சாதித்தார். சொப்பின் கடுஞ்சினம் கொண்டு, தாமே வாசித்து, உரக்க எண்ணிக் காட்டினார். ஆயினும் இருவரும் உடன்படவில்லை.

இருவரும் தத்தம் நிலையிற் சரியாகவே கேட்டனர் என்று கொள்ள இடமுண்டு. மையர்பியரின் செவி அளவுகோல் கொண்டு அளந்தது. சொப்பினின் உடலோ மூன்று சமமற்ற எண்ணிக்கைகளையும் மூன்றாகவே உணர்ந்தது. எழுத்திலே அடங்காத இந்தச் சமமின்மையே ஆடற்களத்திலிருந்து வரவேற்பறை வரை உயிரோடு வந்து சேர்ந்த நாட்டார் கூறு எனல் வேண்டும். மெட்டினை ஒருவன் திருடலாம், போலி செய்யலாம், திருத்தி அழகுபடுத்தலாம். காலம் பற்றிய உணர்வை அவ்வாறு செய்தல் எளிதன்று. அதனைப் பெற்றுக்கொள்பவன் தானும் ஓரளவு மாறியேயாக வேண்டும். ஐரோப்பியச் செந்நெறி இசையின் இறுகிய தாளக் கணக்கினை மசூர்க்கா உள்ளிருந்து நெகிழ்த்தியமைக்கு இவ்விரு சம்பவங்களும் சான்றாகும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. போலந்து நாட்டாரியலின் முன்னோடியான ஒஸ்கார் கோல்பெர்க் 1842 இல் நாட்டார் பாடல்களைப் பியானோப் பக்கவாத்தியத்துடன் வெளியிட்டார். 1847 இல் எழுதிய மடலொன்றில், கோல்பெர்க்கின் நோக்கம் நல்லதெனினும் பணியைத் தாங்கும் வலு அவருக்குப் போதாது என்ற கருத்துப்படச் சொப்பின் குறை கூறினார். பின்னர் 1857 இல் வெளியிட்ட தொகுதியில் கோல்பெர்க் பக்கவாத்தியத்தைக் கைவிட்டு, மெட்டுக்களை மாத்திரம் அச்சிட்டார். பாடலை எடுத்து அதற்கு வரவேற்பறை உடை உடுத்துவது ஒரு வழி; எதையும் சேர்க்காது பதிவு செய்வது மற்றொரு வழி. சொப்பினின் வழி இவ்விரண்டிலும் வேறானது. அவர் பாடலை அழகுபடுத்தவுமில்லை, ஆவணப்படுத்தவுமில்லை. அதனைக் கேட்ட செவியின் நிலையை இசையாக்கினார்.

5

இதுவரை கூறியவற்றால் சொப்பின் எல்லாக் குற்றச்சாட்டுக்களிலிருந்தும் விடுபட்டுவிட்டார் என்று கொள்ளுதல் தவறாகும். மசூர்க்கா யாருடைய ஆடல், யாருடைய நாட்டின் அடையாளம் என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. பாரிசில் அவ்விசையைக் கேட்டுக் கண்ணீர் வடித்த பிரபுக்களிற் பலர், அதனை ஆடிய உழவரின் உழைப்பில் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தோர். வார்சோ டச்சியின் 1807 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பண்ணையடிமை முறையை ஒழித்ததாயினும், நிலம் பிரபுக்களிடமே இருந்தது. ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட பகுதியில் உழவர் தாம் உழுத நிலத்தைப் பெறுவதற்கு 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசம் என்னும் சொல்லின் கீழ் பிரபுவும் உழவனும் ஒன்றாக எண்ணப்பட்டனரெனினும், வயலிலே அவர்கள் ஒன்றாக இருக்கவில்லை.

1846 பெப்ரவரியில் இவ்வுண்மை கொடூரமாக வெளிப்பட்டது. ஒஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கலீசியாவில் பிரபுக்கள் தேசிய எழுச்சியொன்றைத் தொடங்க முனைந்தவேளை, உழவர் அவர்களோடு சேராது அவர்களுக்கெதிராகவே கிளர்ந்தெழுந்தனர். யாக்கூப் ஷேலா என்பவனின் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் அக்கிளர்ச்சியில் நூற்றுக்கணக்கான பண்ணை வீடுகள் சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 1000 பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டிலேயே சொப்பின் தமது ஓபஸ் 63 மசூர்க்காக்களை இயற்றினார். அவற்றில் இச்சம்பவத்தின் எதிரொலியைத் தேடுவது விமர்சனமாகாது. ஆயினும் மசூர்க்கா ஒரு முழு மக்களின் ஒருமித்த ஆன்மாவைப் பேசுகின்றது என்னும் கூற்றை 1846 ஆம் ஆண்டு நிலைகுலைத்துவிடுகின்றது. ஆடலைத் தந்தவனும் ஆடலை நினைந்து உருகியவனும் கலீசியாவில் எதிரெதிர் நின்றனர்.

எனவே சொப்பினின் இசையில் உழவனின் ஆடல் உண்டு, உழவன் இல்லை. இது அவ்விசையின் எல்லை. இவ்வெல்லையை மறைக்காமற் கூறுவது விமர்சகனின் கடமையாகும். அதே வேளை, இவ்வெல்லையை அப்படைப்பே மறைக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். வரவேற்பறைக்காக எழுதப்பட்ட சாதாரண மசூர்க்காக்கள், கேட்பவனைக் கிராமத்தின் நடுவே நிறுத்திவிட்டதாகப் பாசாங்கு செய்கின்றன. ஓபஸ் 17 இன் நான்காம் மசூர்க்கா அவ்வாறு செய்யவில்லை. ஆடல் நிகழும் நடுப்பகுதியை அது முன்னும் பின்னும் நழுவும் நிலத்தால் சூழ்ந்துவிடுகின்றது. நிலைத்த சுருதியின் மீது நிற்கும் உரிமை தனக்குச் சிறிது நேரமே உண்டு என்பதை அது அறிந்திருக்கின்றது. தான் எங்கிருந்து கேட்கின்றது என்பதைப் பொய்யாக்காத இந்நேர்மையே, இப்படைப்பைப் போலி நாட்டார் இசையிலிருந்து பிரித்துக் காட்டுவதாகும்.

6

ஒரு படைப்பின் பொருள் அதனை இயற்றியவனோடு முடிந்துவிடுவதில்லை. ரஷ்ய சக்கரவர்த்தி அஞ்சவேண்டிய எதிரி மசூர்க்காக்களின் எளிய மெட்டுக்களுள் ஒளிந்திருப்பதாக 1836 இலேயே ஜேர்மன் இசையாசிரியர் ரொபர்ட் சூமான் கருதினார். அது மிகையெனத் தோன்றினும் பின்வந்த வரலாறு அதற்கு ஒருவகையிற் சான்று பகர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வார்சோவைக் கைப்பற்றிய நாசிப் படையினர் சொப்பினின் இசையைப் பொதுவிடங்களில் வாசிப்பதைத் தடைசெய்தனர். 1926 இல் வார்சோவில் திறந்து வைக்கப்பட்ட அவரது சிலையை 1940 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தனர். 1958 இல் அச்சிலை மீண்டும் எழுப்பப்பட்டது. அடக்குமுறையாளர், தாம் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைச் சில வேளைகளில் விமர்சகரிலும் நன்கறிவர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மசூர்க்காவின் சந்தம் போலந்துக் குருதியிற் பிறந்தவருக்கே கைவரும் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1927 இல் வார்சோவில் தொடங்கிய சொப்பின் பியானோப் போட்டியில் மசூர்க்காவை மிகச் சிறப்பாக வாசிப்பவருக்கெனத் தனிப் பரிசொன்று வழங்கப்படுகின்றது. 1955 ஆம் ஆண்டுப் போட்டியில் அப்பரிசைப் பெற்றவர் சீனரான பூ சொங். 1980 இல் வியட்நாமியரான டாங் தாய் சொன் போட்டியின் முதற் பரிசோடு மசூர்க்காப் பரிசையும் பெற்றார். பரிசளித்தோர் பிறநாட்டாருக்குச் சலுகை காட்டினர் எனக் கூறுவாரில்லை. சமமற்ற மூன்றெண்ணிக்கைகளும் பிறப்பால் வருவனவல்ல. செவியாலும் பயிற்சியாலும் வருவன என்பதையே இது காட்டுகின்றது. ஒரு மக்களின் கலை அம்மக்களுக்கே உரியதாகவும், அதேவேளை கேட்கக் கற்றுக்கொண்ட எவருக்கும் திறந்ததாகவும் இருத்தல் கூடும்.

நாட்டார் மரபைக் கையாளும் கலைஞனை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் யாது என்னும் வினாவிற்கு இம்மசூர்க்கா தெளிவான விடையொன்றை அளிக்கின்றது. மூலத்தோடு எத்துணை ஒத்துள்ளது என்று எண்ணிப் பார்ப்பது போதிய அளவுகோலாகாது. அவ்வாறெனில் ஒலிப்பதிவுக் கருவியே மிகச் சிறந்த கலைஞனாகும். தேசபக்தி எவ்வளவு உரக்க ஒலிக்கின்றது என்பதும் அளவுகோலாகாது. 1846 அதற்கு விடை கூறிவிட்டது. எடுத்துக்கொண்ட மரபினால் எடுத்தவனின் கலை உள்ளே மாற்றம் பெற்றதா என்பது முதலாவது அளவுகோல். தனக்கும் அம்மரபை ஆக்கிய மக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அக்கலை ஒளிக்காது காட்டுகின்றதா என்பது இரண்டாவது. முன்னையதற்கு மையர்பியரின் செவி சான்று. பின்னையதற்கு முடிவடையாது நிற்கும் அந்த இறுதி ஒத்திசைவு சான்று. அத்தூரத்தைக் கடப்பது இசையால் மாத்திரம் ஆகக்கூடிய காரியமன்று. போலந்து உழவன் வேண்டி நின்றது நிலத்தை. ஆயினும் கடக்கப்படாத தூரம் ஒன்று உண்டு என்பதை மறக்கவிடாமல் வைத்திருப்பது கலையால் ஆகும். அப்பணியைச் சில நிமிட நேரமே ஒலிக்கும் இச்சிறு படைப்பு இன்றும் செய்துகொண்டிருக்கின்றது.